கோஆக்சஸ்: சர்வர் எழுதிவைத்ததைப் படித்துச் சொல்லும் கருவி

பழைய தமிழ்க் கட்டுரைகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஒரு சிறிய தளத்தை வாடகை சர்வர் ஒன்றில் பராமரித்து வருகிறேன். அது பின்னிரவில் அடிக்கடி திணறத் தொடங்கியபோது, சர்வரை வாடகைக்குத் தந்த நிறுவனத்தார் வாசகர் கூட்டம் பெருகிவிட்டது என்று சொல்லி, கூடுதல் நினைவகம் உள்ள திட்டத்துக்கு மாறும்படி அறிவுறுத்தினார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால், சர்வரிலிருந்து பக்கங்களை அனுப்பும் மென்பொருளான என்ஜின்எக்ஸ் நாள்தோறும் எழுதிவரும் லாக் கோப்புகளை (கோரிக்கைப் பதிவேடுகளை) ஒருமுறை முழுமையாகப் பார்த்துவிட வேண்டும் என்று எண்ணி நிறுவிய மென்பொருள்தான் கோஆக்சஸ்.

ஹெரார்டோ ஒரேயானா 2010இல் வெளியிட்ட இந்தக் கருவி சி மொழியில் எழுதப்பட்டது. எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. டெபியன், உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளங்களின் களஞ்சியங்களிலிருந்து ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். வருகைகளைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் வாசகரின் உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓடவிடுகிறது; இது அப்படி எதையும் ஓடவிடுவதில்லை. யார் எந்த நேரத்தில் எந்தப் பக்கத்தைக் கேட்டார், சர்வர் என்ன விடை தந்தது, எத்தனை பைட் அனுப்பியது என்று சர்வரே எழுதிவைத்த வரிகளை மட்டும் எண்ணிக் கூட்டித் தருகிறது. இந்த வேறுபாடு எனக்கு மிகவும் முக்கியமானது. ஜாவாஸ்கிரிப்டை இயக்காத தானியங்கிகள் (தாமாகவே பக்கங்களைத் திறக்கும் நிரல்கள்) பெரும்பாலும் அனலிட்டிக்ஸ் கணக்கில் வருவதே இல்லை. ஆனால் சர்வரின் சுமையில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரத்தில்) லாக் கோப்பைக் கொடுத்து, ‘கம்பைண்டு’ என்னும் வழக்கமான வடிவத்தைத் தேர்ந்தெடுத்ததும் திரை பல பகுதிகளாக விரிந்தது. நேரப் பகிர்வுப் பகுதியில் வாசகர்கள் உறங்கும் நேரத்தில்தான் கோரிக்கைகள் உச்சத்தில் இருந்தன. முகவரிகள் பகுதியில் ஒரே வரிசையைச் சேர்ந்த சில ஐபி எண்கள் முதலிடங்களைப் பிடித்திருந்தன. கோரப்பட்ட பக்கங்களின் பட்டியலில் முதலில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. தேடல் பக்கத்துக்கு வந்த ஒவ்வொரு கோரிக்கையும் அதன் கேள்விச் சரத்தால் (முகவரியில் ‘?’ குறிக்குப் பின் வரும் பகுதியால்) தனித்தனி வரியாகச் சிதறிக் கிடந்ததே காரணம். கேள்விச் சரத்தை விட்டுவிட்டு எண்ணச் சொல்லும் தெரிவைச் சேர்த்து மறுபடியும் ஓட்டியபோது, அந்தத் தேடல் பக்கமே மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக எழுந்து நின்றது. ஏதோ ஒரு தானியங்கி இரவெல்லாம் தேடல் இணைப்புகளை ஒன்றுவிடாமல் திறந்துகொண்டிருந்தது. என்ஜின்எக்ஸில் அந்தப் பக்கத்துக்கு மட்டும் கோரிக்கை வரம்பு விதித்தேன்; சர்வர் பழைய நிலைக்குத் திரும்பியது, பெரிய திட்டம் தேவைப்படவில்லை.

இந்த இடத்திலேயே கருவியின் பெரிய குறையையும் கண்டேன். ‘இந்த ஐபி எண் எந்தெந்தப் பக்கங்களைக் கேட்டது’ என்ற கேள்விக்கு அதனிடம் நேரடியான விடை இல்லை. ஒவ்வொரு பகுதியும் தன் கணக்கை மட்டுமே சொல்கிறது. ஒன்றில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் மற்றவை அதற்கேற்பச் சுருங்குவதில்லை. கோப்பில் வரிகளைத் தேடியெடுக்கும் கிரெப் கட்டளையால் வேண்டிய வரிகளை முன்கூட்டியே பிரித்தெடுத்துத்தான் இதற்கு ஊட்ட வேண்டும். டெர்மினலில் பழகியவருக்கு இது சிரமமில்லை என்றாலும், மற்றவர்கள் தயங்கி நின்றுவிடுவார்கள்.

பக்கம் வந்துசேர எத்தனை நேரம் பிடித்தது என்பதையும் இது காட்டும். ஆனால் என்ஜின்எக்ஸின் இயல்பான லாக் வடிவத்தில் அந்தத் தகவலே இருப்பதில்லை. அமைப்புக் கோப்பில் கோரிக்கை நேரத்தை எழுதும்படி ஒரு சொல்லைச் சேர்த்து, கோஆக்சஸிடமும் அதே வடிவத்தைச் சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் கருவியை மதிப்பிடுவது பாதி அளவே பயன்படுத்துவதாகும்.

‘தனித்த வருகையாளர்’ என்ற எண்ணைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். ஒரே நாள், ஒரே ஐபி, ஒரே உலாவிக் குறிப்பு (உலாவி தன்னைப் பற்றிச் சர்வரிடம் சொல்லும் வரி) என்றால் ஒருவர் என்பது இதன் கணக்கு. நம் நாட்டுக் கைபேசி இணைப்புகளில் ஒரே பொது ஐபி முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்வது சாதாரணம். அதோடு குரோம் உலாவி 2023க்குள் தன் குறிப்பைச் சுருக்கிக்கொண்டதால், ஆண்ட்ராய்டு கைபேசிகள் எந்த மாடலாக இருந்தாலும் ஒரே பெயரில் பதிவாகின்றன. ஆகவே பலர் ஒருவராகிவிடலாம். வீட்டு இணைப்புக்கும் கைபேசி இணைப்புக்கும் மாறும் ஒருவர் இருவராகலாம். தானியங்கிகளை விலக்கும் தெரிவை நாமாகச் சேர்க்காவிட்டால் அவையும் வருகையாளராகவே எண்ணப்படும். சேர்த்தாலும், உலாவியைப் போல் பெயர் சொல்லிக்கொண்டு வருபவை தப்பிவிடும். விளம்பரதாரரிடம் இந்த எண்ணைக் காட்டுவது சரியல்ல.

தமிழ்த் தளம் நடத்துபவர்களுக்கு ஒரு செய்தி. இணைய முகவரியில் தமிழ் எழுத்துகள் குறியீடாக மாறும்போது ‘தமிழ்’ என்ற ஒரே சொல் 45 குறிகளாக நீண்டுவிடும்; வெறும் லாக் கோப்பில் எந்தக் கட்டுரை என்று கண்ணால் அறியவே முடியாது. கோஆக்சஸ் அதை எழுத்துகளாகத் திருப்பித் தருகிறது. டெர்மினலில் ஒற்றுகளும் கொம்புகளும் இடம்மாறிச் சிதைந்து தெரிந்தாலும், உலாவியில் திறந்து பார்க்க அது தரும் எச்டிஎம்எல் அறிக்கையில் தலைப்புகள் ஒழுங்காகவே வாசிக்கக் கிடைக்கின்றன. பல ஆண்டுகள் கண்ணை வருத்திக்கொண்ட பிறகு, சொந்தக் கட்டுரைகளின் பெயர்களை அந்தப் பட்டியலில் தமிழிலேயே பார்த்தபோது உண்மையில் நெகிழ்ந்துபோனேன்.

அந்த அறிக்கைக் கோப்பை எல்லோரும் திறக்கக்கூடிய அடைவில் வைத்துவிடாதீர்கள்; வாசகர்களின் ஐபி முகவரிகள் அதில் அப்படியே இருக்கும். முகவரியின் கடைசிப் பகுதியை மறைக்கும் தெரிவு உண்டு. அதை இயக்கியபின், கடவுச்சொல் கேட்கும் பாதையில்தான் நான் வைத்திருக்கிறேன். உடனுக்குடன் மாறும் நேரலை அறிக்கைக்கு சர்வரில் 7890 என்ற போர்ட் (இணைப்பு வாயில்) திறந்திருக்க வேண்டும் என்பதால், என் அளவிலான தளத்துக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பழைய லாக் கோப்புகள் சில நாட்களில் சுழற்சியில் அழிந்துவிடும் என்பதை நிறுவிய அன்றே மனத்தில் கொள்ளுங்கள். 2020இல் வந்த 1.4 பதிப்பிலிருந்து, எண்ணிய கணக்கை வட்டில் சேமித்து, அடுத்த நாள் அதன்மேல் தொடரும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அதிகாலையில், குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே இயக்கும் கிரான் வழியாக அதை ஓட்டுகிறேன். காலையில் முதலில் திறப்பது 404 பட்டியலை, அதாவது இல்லாத பக்கங்களைக் கேட்ட கோரிக்கைகளின் பட்டியலைத்தான். தளத்தில் இல்லவே இல்லாத நிர்வாகப் பக்கங்களைத் தட்டிப் பார்த்தவர்களின் வரிசைக்குக் கீழே, நான் உடைத்துவிட்ட பழைய இணைப்பு ஒன்றாவது அநேகமாக இருக்கும்.