கப்பல் பட்டியல் சரி, வெள்ளைக்காரத் தாத்தாதான் சந்தேகம்

எங்கள் பாட்டியின் அப்பா ஒரு வெள்ளைக்காரர் என்று தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து வெருலம் ஊர்ச் சொந்தக்காரர்கள் கல்யாணம், கருமாதி எல்லாவற்றிலும் சொல்வார்கள். பாட்டியின் பூனைக்கண்தான் சாட்சி. சரி, பார்த்துவிடலாம் என்று டர்பனில் பரம்பரை தேடித் தரும் ஒருவரிடம் பணம் கட்டினேன்.

தமிழ்ப் பக்க வேலை முதல் தரம். 1860 நவம்பர் 16-ல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்தே நேட்டாலுக்கு (டர்பன் இருக்கும் அன்றைய பிரிட்டிஷ் காலனி) வந்த ஒப்பந்தக் கூலிகளுக்குக் கப்பல் பட்டியலில் ஆளுக்கொரு எண் உண்டு. அதை வைத்துப் பாட்டியின் அம்மாவைப் பிடித்துவிட்டார். தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், இடது முழங்காலில் தழும்பு வரை இருக்கிறது. பெரியம்மா கேட்டு அழுதேவிட்டார்.

வெள்ளைக்காரப் பக்கம்தான் சொதப்பல். வெருலத்தை 1850-ல் அமைத்தவர்கள் பைர்ன் என்பவர் பிரிட்டிஷ்காரர்களை நேட்டாலில் குடியேற்றிய திட்டத்தில் வந்த, இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் ஊர் மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள். அவர்களில் ஒரு குடும்பத்தோடு எங்களைக் கோடு போட்டு இணைத்திருக்கிறார். ஆதாரம்? குடும்பப் பெயர் ஒன்றுதான். ஞானஸ்நானப் பதிவு இல்லை, மரண அறிவிப்பின் நகலும் இல்லை. மரண அறிவிப்புப் படிவத்தில் பெற்றோர், பிறந்த ஊர், பிள்ளைகள் என்று எல்லாம் கேட்டிருக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகம் பக்கத்தில்தானே இருக்கிறது? (தோட்டத்துப் பெண்ணிடம் பிறந்த பிள்ளையை அதில் எழுதியிருப்பார்களா என்பது வேறு கதை.) கேட்டால், "டிஎன்ஏ எடுங்கள், அதற்குத் தனிக் கட்டணம்" என்கிறார்.

கப்பல் பட்டியலுக்கு மட்டும் என்றால் தாராளமாகப் போங்கள். மற்றதற்குப் பணம் கட்டும் முன், எந்த உறவுக்கு எந்த ஆவணம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.