லிங்கனின் கோடை வீடு, வாஷிங்டன்: தளபாடம் குறைவு, கதை நிறைய

போன ஆடி மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மேரிலாந்தில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தோம். ரொறன்ரோவிலிருந்து ஒன்பது மணித்தியாலக் கார் ஓட்டம். முந்தின வருடம் போனபோது ஒரு சுற்றுலா வான்காரரிடம் (பேர் வேண்டாம்) காசைக் கொடுத்து ஏமாந்திருந்தேன். நாலு மணித்தியாலத்தில் எட்டு இடம். அதில் லிங்கன் நினைவாலயத்துக்குப் பன்னிரண்டு நிமிடம். அம்மா அரைவாசிப் படி ஏறி மூச்சு வாங்கும்போதே கீழேயிருந்து ஹோர்ன் அடித்துவிட்டான். "சிலையின்ர சப்பாத்தைக்கூட ஒழுங்கா காணேல்லை" என்று ஒரு வருடமாகச் சொல்லிக்காட்டினார்.

அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்த முறை லிங்கன் குடியிருந்த கோடை வீட்டைப் பிடித்தேன். வெள்ளை மாளிகையிலிருந்து மூன்று மைல் வடக்கே, பெட்வேர்த் பக்கம், ஓய்வுபெற்ற படையினருக்கான இல்ல வளவுக்குள் இருக்கிறது. அந்த இல்லம் இன்றைக்கும் இயங்குகிறது. ஆகவே வாசலில் சும்மா நுழைந்துவிட முடியாது, அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். ரிக்கெற்றை இணையத்தில் முதலே எடுத்துவிடுவது நல்லது. வழிகாட்டியோடுதான் வீட்டுக்குள் விடுவார்கள், சுற்று ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்.

வீடு 1842 இல் ஒரு வங்கிக்காரர் தனக்குக் கட்டியது. 34 அறை. 'கொட்டேஜ்' என்கிற பேரை நம்பிக் குடிசை மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டு போனேன். எங்கள் ஊரில் இதைப் பங்களா என்போம்.

உள்ளே போனதும் மருமகனுக்கு ஏமாற்றம். பத்து வயதுப் பொடியன், வாளும் துப்பாக்கியும் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கும் என்று எதிர்பார்த்து வந்தவன். "மாமா, இங்க ஒண்டுமில்லையே!" உண்மைதான். அறைகள் அநேகமாக வெறுமை. லிங்கன் பாவித்த மேசையின் பிரதி ஒன்று இருக்கிறது. அசல் வெள்ளை மாளிகையில். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். சாமான் பார்க்க விரும்புகிறவர்கள் நகர மத்தியிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போகலாம், அங்கே அவருடைய தொப்பியே இருக்கிறது. இங்கே வருகிறவர் இருந்து கதை கேட்க வேண்டும். எனக்கு அது பிடித்தது, அம்மாவுக்கு என்னைவிடப் பிடித்தது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

வழிகாட்டி ஒரு இளம் பெண். அவசரமில்லாத குரல். ஒவ்வொரு அறையிலும் நிறுத்தி எங்களிடம் கேள்வி கேட்டார், நான் அம்மாவுக்கு மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். 1862 பெப்ரவரியில் லிங்கனின் மகன் வில்லி, பதினொரு வயது, வெள்ளை மாளிகையிலேயே டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோகிறான். அந்தக் கோடையில்தான் குடும்பம் முதன்முதலாக இந்த மேட்டு நிலத்துக்கு வருகிறது. அடுத்த இரண்டு கோடையும் வந்தார்கள். எல்லாம் சேர்த்து 13 மாதம், அவருடைய ஆட்சிக்காலத்தில் கால்வாசி.

அடிமைமுறையை விடாத தென் மாநிலங்கள் பிரிந்துபோய் உள்நாட்டுச் சண்டை நடக்கிற நாட்டில் தலைவருக்குக் கோடை வீடா என்றுதான் எனக்கு முதலில் பட்டது. அம்மா வாயைத் திறந்தே சொன்னார்: "சனம் சாகேக்க இவருக்குக் காத்தோட்டம் தேவைப்பட்டிருக்கு." 95 ஐப்பசி இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு, தலையில் ஒரு உரப்பையோடு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர் அவர். தலைவர்மாரைப் பற்றி அவரிடம் இலகுவில் நல்ல வார்த்தை வாங்க முடியாது.

நான் அதை அப்படியே மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் அடுத்த கதை அதற்குப் பதில் மாதிரி இருந்தது. இந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே படையினருக்கான சுடலை. 1861 இல் புல் ரன் சண்டையில் தோற்ற பிறகு அங்கே புதைக்கத் தொடங்கினார்கள். 1864 இல் இடம் போதாமல்தான் ஆர்லிங்டனுக்குப் போனார்கள். காற்றோட்டம் தேடி வந்த மனிசன் மூன்று கோடையும் புதைகுழி பெருகுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். காலையில் குதிரையிலோ வண்டியிலோ வெள்ளை மாளிகைக்குப் போவார், பின்னேரம் திரும்புவார். வழியில் காயப்பட்டவர்களின் ஆஸ்பத்திரிகள், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த கறுப்பின மக்களின் முகாம்கள். 1863 கோடையில் கவிஞர் வால்ட் விட்மன் அந்தப் பாதைக்கருகில்தான் குடியிருந்தார். ஜனாதிபதியை அநேகமாக ஒவ்வொரு நாளும் கண்டதாக எழுதிவைத்திருக்கிறார். "முகாம்" என்று நான் சொன்னபோது அம்மா நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அடிமை விடுதலைப் பிரகடனத்தைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள், அதற்குத்தானே ஆட்கள் வருகிறார்கள். இரண்டாவது வரைவை இங்கே இருந்துதான் எழுதி முடித்திருக்கிறார். முதல் வரைவை 1862 ஆடியில் அமைச்சரவைக்கு வாசித்துக் காட்டியபோது, ஒரு வெற்றி வரட்டும், பிறகு வெளியிடலாம் என்று வெளியுறவு அமைச்சர் சிவார்ட் தடுத்தார். செப்டெம்பர் 17 இல் அன்டீட்டம் சண்டை. ஒரே நாளில் இரு பக்கமும் கொல்லப்பட்டும் காயப்பட்டும் காணாமல் போயும் ஏறக்குறைய 23,000 பேர். அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டு 22 ஆம் திகதி முதல் அறிவிப்பு. கிளர்ச்சி செய்த மாநிலங்களுக்கு மட்டும்தான் அது பொருந்தியது, ஒன்றியத்தோடு நின்ற அடிமை மாநிலங்களை அது தொடவில்லை என்பதையும் வழிகாட்டி மறைக்காமல் சொன்னார்.

எனக்கு மறக்காதது வரவேற்பறையில் சொன்ன கதை. 1862 ஆவணி. போட்டோமாக் ஆற்றில் இரண்டு நீராவிக் கப்பல்கள் மோதி ஒன்று தாழ்கிறது. நியூ ஹாம்ப்ஷயர் படையைச் சேர்ந்த கர்னல் ஸ்காட் என்பவரின் மனைவி அதில் மூழ்கிப்போகிறார். உடலைத் தேடிப் போக அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. கடைசி வழியாக ஜனாதிபதியிடமே கேட்போம் என்று பொழுதுபட்ட பிறகு இந்த வீட்டுக்கு வருகிறார். களைத்துப்போயிருந்த லிங்கன் எரிந்து விழுகிறார்: எனக்கு ஆறுதலே இல்லையா, இங்கேயும் வந்து துரத்துகிறீர்களே என்ற மாதிரி. கர்னல் வெறுங்கையோடு திரும்பிப்போகிறார். அடுத்த நாள் விடிய ஹோட்டல் அறைக் கதவு தட்டப்படுகிறது. திறந்தால் லிங்கன். மன்னிப்புக் கேட்டு, போவதற்கு ஒழுங்கும் செய்துகொடுக்கிறார்.

நாங்கள் இருந்த அதே அறையில்தான் அந்த ஏச்சு விழுந்தது. தளபாடம் நிறைந்திருந்தால் நான் கதிரையின் வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். வெறும் அறை என்றபடியால் வாசலைத்தான் பார்த்தேன், அந்த ஆள் எந்தப் பக்கத்தால் வெளியே போயிருப்பார் என்று.

கேள்வி கேட்கலாம் என்றதும் அம்மா என் கையைச் சுரண்டினார். "இவர் இரவில நித்திரை கொண்டவரோ எண்டு கேள்." கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, இரவில் உரக்க வாசிக்கிற பழக்கம் இருந்ததாகச் சொன்னார். 1863 இல் ஒரு இரவு தன் செயலாளர் ஜோன் ஹேக்கு ஷேக்ஸ்பியர் நாடகங்களை வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறார்; ஹேயின் கண் சொருகுவதைக் கண்டுதான் படுக்க அனுப்பினாராம். ஹே அதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 24. "பாவம் அந்தப் பெடியன்," என்றார் அம்மா.

இன்னும் இரண்டு சங்கதி: 1863 ஆடியில், கெட்டிஸ்பேர்க் சண்டையின் இரண்டாம் நாள், இங்கிருந்து புறப்பட்ட வண்டி விபத்துக்குள்ளாகி மேரி லிங்கனுக்குத் தலையில் காயம். அடுத்த கோடையில் ஒரு இரவு தனியாகக் குதிரையில் வந்த லிங்கனின் தொப்பியைச் சன்னம் துளைத்துப் போனதாகக் காவலுக்கு நின்ற படைவீரர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். தொப்பிக் கதைக்குத்தான் மருமகன் முழித்தான்.

வெளியே லிங்கனும் குதிரையும் ஆளுயர வெண்கலத்தில் நிற்கிறார்கள், நிலத்திலேயே. ஏற ஒரு படியும் இல்லை. அம்மா கிட்டப்போய்ச் சப்பாத்தை நன்றாகப் பார்த்தார்.

நேரமிருந்தால் அப்படியே வடக்கே ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் என்கிற பழைய கோட்டைக்கும் போங்கள். 1864 ஆடியில் தென்படை தலைநகரின் எல்லைவரை வந்தபோது லிங்கன் அந்த மண்மேட்டில் ஏறி நின்று பார்த்தார், பக்கத்தில் நின்ற ஒரு மருத்துவருக்குச் சூடு பட்டது. சின்னப் பூங்கா, அரை மணித்தியாலம் தாராளம். நாங்கள் போய்ச் சேர வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, அம்மா காரை விட்டு இறங்கவில்லை. ஏசியைப் போட்டுக்கொண்டு இருந்தபோது சொன்னார்: "அந்தக் கர்னலிட்ட விடியவே போயிருக்கிறார் எண்டால், அண்டைக்கு இரவு நித்திரை கொண்டிருக்க மாட்டார் என்ன."

ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறேன். அதில் ஒன்று அம்மாவுடையது.