மின்டா, யூஸ்டா? தபால்தலை வாங்குமுன் ஒரு மதிப்பீடு

ஒரே தபால்தலைக்கு விற்பனைப் பட்டியலில் இரண்டு விலை இருக்கும். ஒன்று மின்ட் (பயன்படுத்தாதது), மற்றது யூஸ்டு (அஞ்சலில் பயன்பட்டு முத்திரை விழுந்தது). படம், தாள், அச்சு எல்லாம் ஒன்றுதான். மின்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி பின்னால் பூசிய பசைக்கே போகிறது. அந்தப் பசையைப் பத்திரமாக வைத்திருக்க முடியுமா என்று யோசித்த பிறகே எதைச் சேர்ப்பது என்று முடிவெடுக்க வேண்டும்.

மின்ட் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தரம் உண்டு. அதைப் பிரித்துச் சொல்லாத விற்பனையாளரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஹிஞ்ச், அதாவது தலையை ஆல்பத்தில் ஒட்டும் சிறு பசைத்தாள், படாமல் பசை முழுதாக இருப்பது முதல் தரம். ஹிஞ்ச் ஒட்டி எடுத்த தடம் இருப்பது அடுத்தது. பசையே இல்லாதது மூன்றாவது. ஜெர்மானிய விலைப்பட்டியலான மிஷெல் கேட்டலாக்கில் முதலாவதற்கு இரட்டை நட்சத்திரம், இரண்டாவதற்கு ஒற்றை நட்சத்திரம், மூன்றாவதற்கு அடைப்புக்குறிக்குள் நட்சத்திரம். பிரிட்டிஷ் விலைப்பட்டியலான ஸ்டான்லி கிப்பன்ஸில் விக்டோரியா முதல் ஐந்தாம் ஜார்ஜ் வரையிலான பிரிட்டிஷ் தலைகளுக்கு மின்ட் விலை என்பது லேசாக ஹிஞ்ச் பட்டதற்கு. எட்டாம் எட்வர்ட் காலத்திலிருந்து, அதாவது 1936 முதல், ஹிஞ்ச் படாததற்கு. இதைக் கவனிக்காமல் விலையை ஒப்பிட்டால் ஏமாற வேண்டியதுதான். சீனாவின் 1950களின் வெளியீடுகள் பல பசையில்லாமலே வந்தவை. அவற்றில் பசை இல்லை என்று விலை குறைக்கக் கேட்பது வீண்.

பழைய தலை ஹிஞ்ச் படாதது என்று சொல்லி வந்தால் சந்தேகத்தோடு பாருங்கள். பசை போன தலைக்குப் புதுப் பசை பூசி விற்பது நெடுநாள் வேலை. 10 மடங்கு லென்ஸில் தலையின் ஓரத்துப் பல் நுனிகளைப் பார்க்க வேண்டும். அசல் தலையில் முதலில் பசை பூசி, பிறகுதான் துளையிடுவார்கள். அதனால் கிழித்த நுனியில் தாளின் நார் பஞ்சுபோலத் தெரியும். பின்னால் பூசிய பசை அந்த நாருக்குள் இறங்கிக் காய்ந்து, நுனி விறைப்பாக இருக்கும். விலை அதிகமான தலைக்கு நிபுணர் சான்றிதழ் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

வாங்கியபின்தான் மின்டின் உண்மையான செலவு தொடங்குகிறது. ஈரம் பட்டால் பசை இளகி, எதிர்ப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது. அதற்கு மேல் ஏற ஏறப் பழுப்புப் புள்ளியும் பூஞ்சையும் வரும். ஆல்பத்தை நிமிர்த்தி வையுங்கள். படுக்கப்போட்டு அடுக்கினால் மேலுள்ள எடையே தலைகளைத் தாளோடு ஒட்டிவிடும். மின்ட் தலைக்கு ஹிஞ்ச் வேண்டாம், தலையைச் செருகிவைக்கும் ஒளிபுகும் உறையான மவுண்ட்தான். தலையைவிட 1 அல்லது 2 மில்லிமீட்டர் அகலமாக வெட்டி, மவுண்டின் பின்புறத்தில் மேல் விளிம்பை மட்டும் லேசாக ஈரப்படுத்துங்கள். நாக்கால் தாராளமாக நக்கினால் ஈரம் உள்ளே கசிந்து தலையின் பசையையே பிடித்துவிடும். பிவிசி உறைகள் பக்கம் போகவே வேண்டாம். அதிலுள்ள மென்மையாக்கி கசிந்து மையைக் கெடுக்கும். பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன் இரண்டும் பாதுகாப்பானவை. இத்தனைக்கும் பணமும் பொறுமையும் இல்லையென்றால் யூஸ்டு பக்கம் போவது புத்திசாலித்தனம்.

பசை எப்போதும் சொத்து என்றும் சொல்ல முடியாது. ஜெர்மனியின் 1935 ஓஸ்ட்ரோபா கண்காட்சிச் சிறுதாளின் பசையில் கந்தக அமிலம் இருந்ததால் அது தாளையே அரித்தது. பசையைக் கழுவி எடுத்துத் தாளைக் காப்பாற்றியவர்கள் பலர். அமெரிக்காவின் 1974 கிறிஸ்துமஸ் தலை, சுயமாக ஒட்டும் தலைகளில் முன்னோடி. அதன் ஒட்டுப்பொருளே பிற்பாடு தாளைக் கறைப்படுத்தியது.

யூஸ்டுக்கு வருவோம். தலையில் ஊரும் தேதியும் பதிந்திருப்பது அதற்கு மட்டும் உள்ள லாபம். வட்ட முத்திரை நடுவில், ஊர்ப்பெயர் முழுதாக விழுந்த தலையை எங்கு கண்டாலும் எடுத்துவையுங்கள். கனத்த கோடுகளால் முகத்தை மறைத்த முத்திரை, பேனாக் கிறுக்கல், மடிப்பு, பல் உதிர்வு இருந்தால் இடம் நிரப்ப மட்டுமே உதவும். வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒரு இடம் பளிச்சென்று தெரிந்தால் அங்கே தாள் உரிந்து மெலிந்திருக்கிறது என்று பொருள். முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இது குறைதான்.

உறைத்தாளில் ஒட்டியபடியே எடைபோட்டு விற்கும் கிலோவேர் தொடக்கக்காரருக்கு நல்ல தேர்வு. ஒரே தலை நூறு முறை வரும், ஆனால் முத்திரைகளைப் படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட மலிவான வழி இல்லை. ஊறவைக்கும் முறையில் அவசரம் கூடாது. வண்ண உறைகளைத் தனியாகப் பிரியுங்கள், சிவப்புச் சாயம் எல்லாவற்றையும் கெடுக்கும். அகன்ற தட்டில் வெதுவெதுப்பான நீர், படம் மேலே இருக்க மிதக்கவிடுங்கள், 15 முதல் 30 நிமிடம். தலை தானாக வழுக்கி வர வேண்டும். பிய்த்து எடுக்கும் கைதான் மெலிவை உண்டாக்குகிறது. பிறகு சுத்தமான நீரில் ஒருமுறை அலசுங்கள்; எஞ்சிய பசை நின்றால் உலரும்போது ஒட்டிக்கொள்ளும். அச்சுத்தாளில் உலர்த்தாதீர்கள், மை ஏறும். உறிஞ்சு தாளில் படம் கீழே வைத்து, பாதி உலர்ந்ததும் இரண்டு உறிஞ்சு தாளுக்கு நடுவே கனமான புத்தகத்தின் கீழ் ஒரு இரவு வையுங்கள்.

எல்லாவற்றையும் ஊறவைக்கவும் கூடாது. பிரிட்டனின் 1883–84 ஊதா, பச்சை வெளியீடு, முத்திரையைக் கழுவி மறுபடி பயன்படுத்துவதைத் தடுக்கக் கரையும் மையில் அச்சானது. நீர் பட்டால் பச்சை நிறமே போய்விடும். அண்மைக்கால சுயஒட்டுத் தலைகள் பல நீரில் தாளைவிட்டுப் பிரிவதில்லை. அவற்றைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் தாள் விட்டு வெட்டி அப்படியே வையுங்கள்.

மின்டைவிட யூஸ்டு விலை அதிகமாகும் இடங்களும் உண்டு, அங்குதான் போலிகள் அதிகம். ஜெர்மனியின் 1923 பணவீக்கத் தலைகளில் மதிப்பு 5,000 கோடி மார்க் வரை ஏறியது. சில தலைகள் சில நாட்களே புழங்கின. மின்ட் குவியலாகக் கிடைக்கும், உண்மையில் அஞ்சலில் போனவை அரிது. விளைவு, மின்ட் தலையில் போலி முத்திரை குத்தி விற்பது. இங்கே சான்றிதழ் இல்லாத முத்திரைக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். இதற்கு நேர்மாறு, வரித்தலையாகப் பயன்பட்ட உயர்மதிப்புத் தலையின் பேனா எழுத்தைக் கழுவி மின்ட் என்று விற்பது. புற ஊதா விளக்கில் எழுத்தின் தடம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பின்னால் பசை முழுதாக இருக்க, மூலையில் அச்சுபோல அழகாகக் கால்வட்ட முத்திரை உள்ள தலை சிடிஓ (கேன்சல்டு டு ஆர்டர்). அஞ்சலிலேயே போகாமல் மொத்தமாக முத்திரை குத்தி விற்றது. நான்கு தலைகள் சேரும் இடத்தில் ஒரு குத்து, தலைக்கொரு கால்வட்டம். படத்துக்காகச் சேர்ப்பவருக்கு இது குற்றமில்லை, ஆனால் உண்மையில் போன தலையின் விலையைக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

மின்ட் எப்படியும் முகமதிப்புக்குப் போகும் என்ற நம்பிக்கையும் முழுதாகச் செல்லாது. பிரிட்டனில் பார்கோடு இல்லாத அன்றாடத் தலைகள் 2023 ஜூலை 31-க்குப் பின் அஞ்சலுக்குச் செல்லாமல் போயின.

எங்கள் பரிந்துரை இது: 19-ஆம் நூற்றாண்டுத் தலைகளை யூஸ்டாக வாங்குங்கள். நல்ல பசையுள்ள தலை அரிது, போலிப் பசை அதிகம், கட்டுப்படியாகும் விலையில் நல்ல முத்திரையுள்ள யூஸ்டு கிடைக்கும். கடந்த சில பத்தாண்டுகளின் நினைவுத் தலைகளை மின்டாக வாங்குங்கள்; புதியவற்றை வெளியான ஆண்டிலேயே வாங்குங்கள். பிறகு தேடினால் தனித்தனியாக வாங்க நேரும். ஈரமான இடத்தில் வசிப்பவர் இவற்றையும் யூஸ்டாக வைத்துக்கொள்ளலாம். ஒரு தொகுதிக்குள் மட்டும் இரண்டையும் கலக்காதீர்கள். ஏழு மின்டும் ஒரு யூஸ்டும் சேர்ந்த தொகுதிக்கு, விற்கும்போது பாதி விலையும் தேறாது.