காலேஜ் ஃபுட்பால் 26: டைனஸ்டி மோடுக்காகவே வாங்கலாம்

ஈஏ ஸ்போர்ட்ஸின் இந்த அமெரிக்கன் ஃபுட்பால் வீடியோ கேமை நான் ஆடுவதே டைனஸ்டி மோடுக்காகத்தான். ஒரு கல்லூரி அணிக்கு கோச்சாகி, ஆள் சேர்த்து, சீசன் சீசனாக அணியை வளர்ப்பதுதான் அந்த மோடு. விமர்சனமும் அதைப் பற்றித்தான். களத்தில் ஆட்டம் நல்ல வேகம், டேக்கிள் எல்லாம் கனமாக விழுகிறது. அதில் எனக்குக் குறையில்லை.

நான் ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ்காரன், எங்கள் ஊர்ப் பெரிய அணியான ஓஹையோ ஸ்டேட்டின் ரசிகன். ஆனாலும் டைனஸ்டிக்கு எடுத்தது அதே மாநிலத்தின் சின்ன அணியான கென்ட் ஸ்டேட். 2024 சீசனில் ஆடிய 12 ஆட்டத்தையும் நிஜத்தில் தோற்ற அணி. பின்னாளில் அலபாமா அணியின் கோச்சாகப் பெயர் பெற்ற நிக் சேபன் மாணவராக இருந்தபோது ஆடியதும் இதே கல்லூரிக்குத்தான். ஓஹையோ ஸ்டேட்டை எடுத்தால் ஐந்து நட்சத்திர மதிப்பு பெற்ற பள்ளிப் பையன்கள் தாமாகவே வாசலில் வந்து நிற்பார்கள். கோச்சின் பாடு தெரியவே தெரியாது. இங்கே மூன்று நட்சத்திர லைன்மேன் (முன்வரிசையில் மோதும் ஆட்டக்காரன்) ஒருவனைச் சம்மதிக்க வைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடுகிறது.

பள்ளிப் பையன்களை நம் அணிக்கு இழுக்கும் ரெக்ரூட்டிங் அமைப்புதான் இந்த கேமின் உயிர். நாம் குறிவைக்கும் பையன்களின் பட்டியலான போர்டில் 35 பேர் வரை வைக்கலாம். ஆனால் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று அளந்துதான் கொடுப்பார்கள். ஸ்காலர்ஷிப் கொடுப்பது, பையனுக்கு மெசேஜ் அனுப்புவது, வீட்டாரிடம் பேசுவது, ஒவ்வொன்றும் அந்த நேரத்தைத் தின்னும். முதலில் ஸ்கவுட் பண்ணிப் பையனின் திறமையை அலச வேண்டும். பச்சை ரத்தினம் வந்தால் அவன் நட்சத்திரக் கணக்கை மீறிய சரக்கு. சிவப்பு வந்தால் கழற்றிவிட வேண்டியதுதான். பிறகு பையன் தனக்குப் பிடித்த கல்லூரிகளின் பட்டியலை எட்டு, ஐந்து, மூன்று என்று சுருக்கிக்கொண்டே வருவான். மூன்றில் நம் பெயரும் இருக்கும்போது பெரிய கல்லூரி ஒன்று உள்ளே நுழைந்தால் வயிற்றைக் கலக்கும்.

பையன்களைக் கல்லூரிக்கு வரவழைக்கும் கேம்பஸ் விசிட்டில் யோசித்துக் காய் நகர்த்த வேண்டும். நான் அதை ஏக்ரன் அணியோடு ஆடும் வாரத்துக்கு வைப்பேன். கென்ட் ஸ்டேட்டும் ஏக்ரனும் வேகன் வீல் கோப்பைக்காக மோதும் பக்கத்துப் பகையாளிகள். ஒரே வாரத்தில் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கையும் அதைப் பிடிக்கும் வைட் ரிசீவரையும் கூப்பிட்டால் ஒருவரால் மற்றவருக்கு நாட்டம் கூடும். இரண்டு குவார்ட்டர்பேக்கைக் கூப்பிட்டால் காரியம் கெடும். அன்று ஜெயித்தால் விசிட்டுக்கு மதிப்பு ஏறும், தோற்றால் இறங்கும். நான்காவது குவார்ட்டரில் ஒரு ஃபீல்டு கோல் உதைக்கும்போது மனசு ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு பையன்கள் மேல்தான் இருக்கும்.

முந்தைய பதிப்பில் கோச்கள் எல்லாம் கற்பனைப் பெயர்கள். இதில் 300-க்கும் மேற்பட்ட நிஜ கோச்கள் வந்திருக்கிறார்கள். சீசன் முடிந்ததும் கோச்கள் இடம் மாறும் கட்டம் இப்போது வேறு ருசி. ஒரு பெரிய நாற்காலி காலியானால் கீழ்வரிசை முழுக்க நகர்கிறது. நிஜத்தில் நடப்பதும் அதுதானே! 2024 ஜனவரியில் சேபன் ஓய்வு பெற்றதும் வாஷிங்டன் பல்கலைக்கழக கோச்சாக இருந்த கேலன் டிபோர் அலபாமாவுக்குப் போனார். அரிசோனாவின் ஜெட் ஃபிஷ் வாஷிங்டனுக்கு, சான் ஹோசே ஸ்டேட்டின் பிரென்ட் பிரெனன் அரிசோனாவுக்கு. அதோடும் நிற்கவில்லை. அலபாமாவில் இருந்த வீரர்கள் கேலப் டவுன்ஸும் ஜூலியன் சேயினும் எங்கள் ஓஹையோ ஸ்டேட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒரு கோச் விலகினால் பையன்கள் பாதை எப்படித் திரும்பும் என்பது கொலம்பஸில் இருப்பவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேமில் கல்லூரிக்குத் தரும் மதிப்பெண்களில் கோச் நிலைத்திருப்பாரா என்பதற்கும் தனி மதிப்பெண் உண்டு. அதை யோசித்தவருக்கு என் பாராட்டு.

கேமில் இல்லாதது பணம். 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தம் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025-ல் கல்லூரிகளே ஆண்டுக்கு 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்குப் பகிர்ந்து தர வழி வந்துவிட்டது. இன்றைய ரெக்ரூட்டிங்கில் பாதிப் பேச்சு அதுதான். டைனஸ்டியில் பேரம் பேச இடமே இல்லை. சின்னக் கல்லூரிக்காரனின் நிஜமான திண்டாட்டம் அங்கேதான் இருக்கிறது. அடுத்த பதிப்பில் இதை எதிர்பார்க்கிறேன்.

பகையாளி மைதானத்தில் ஆடுவதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கூட்டம் கத்தக் கத்தத் திரை நடுங்குகிறது. ரிசீவர் ஓட வேண்டிய பாதையைக் காட்டும் கோடுகள் நெளிந்து குழம்புகின்றன. பரம வைரி மிஷிகனிடம் 2024 நவம்பரில் சொந்த மைதானத்திலேயே 13-10 என்று தோற்று, அடுத்த வருஷம் அவர்கள் ஊரான ஆன் ஆர்பரிலேயே 27-9 என்று ஜெயித்த அணியின் ரசிகன் நான். அந்தச் சத்தம் ஆட்டக்காரனை என்ன செய்யும் என்பதை இதைவிட நன்றாக எந்த விளையாட்டு கேமும் எனக்குக் காட்டவில்லை.

பிஎஸ் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் ஆகியவற்றில் மட்டும்தான் ஓடும்; வெளிவந்தபோது விலை 69.99 டாலர். ஆன்லைன் டைனஸ்டியில் 32 பேர் வரை சேரலாம். டெட்ராய்ட்டில் இருக்கும் என் மச்சினன் ஏக்ரனை எடுத்திருக்கிறான். என் போர்டில் இருக்கும் பையன்களுக்கே அவனும் வலை வீசுகிறான்.