லிப்பன் கிட் 749 ரூபாய், அதே வேலைக்கு லாங் பஜாரில் 320 ரூபாய்: செய்து பார்த்த அனுபவம்

வேலூர் சத்துவாச்சாரியில் நாங்கள் குடியிருப்பது வாடகை வீடு. ஹாலில் பத்தடி நீளத்துக்கு ஒரு சுவர், அதில் ஒரு டெய்லி காலண்டர், வேறு எதுவும் கிடையாது. மூன்று வருடமாக அந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுகிறோம். கடையில் சட்டம் போட்ட படம் விலை கேட்டால் இரண்டாயிரத்துக்குக் கீழே பேச்சே இல்லை. ஹவுஸ் ஓனர் அம்மாவோ நாங்கள் பால் காய்ச்சிய அன்றே, "சுவத்துல புதுசா ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டார். கையாலேயே ஏதாவது செய்யலாம், எடை குறைவாக இருக்க வேண்டும், செலவும் ஐந்நூறைத் தாண்டக்கூடாது என்று தேடிக்கொண்டிருந்தபோது, ஆறாவது படிக்கும் என் மகள் போனில் லிப்பன் கிட்டைக் காட்டினாள். 749 ரூபாய். நினைத்ததை விட அதிகம்தான், ஆனால் கோடை விடுமுறை, பிள்ளையும் ஆசைப்படுகிறாள், சரி என்று வாங்கிவிட்டேன். அந்தக் கிட் எப்படி இருந்தது, அப்புறம் நாங்களே பொருள் வாங்கிச் செய்தது எப்படி வந்தது, இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன். வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முழுதாகப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் லிப்பன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக. குஜராத்தின் கட்ச் பகுதியில் புங்கா என்று வட்டமான மண் வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பெண்கள் களிமண்ணோடு சாணத்தைப் பிசைந்து, கையால் திரித்து, சுவரில் மெல்லிய கோடுகளாக ஒட்டி, நடுவே சின்னச் சின்னக் கண்ணாடிகளைப் பதிப்பார்கள். இரவில் ஒரு விளக்கு ஏற்றினால் போதும், கண்ணாடி எல்லாம் அந்த வெளிச்சத்தை வாங்கி அறை முழுக்கப் பரப்பும். இதைப் படித்ததும் எனக்கு ஒடுகத்தூர்ப் பக்கம் எங்கள் ஆயா வீடுதான் ஞாபகம் வந்தது. பொங்கலுக்கு முன்னால் மண் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கீழே ஒரு முழ உயரத்துக்குக் காவிப் பட்டை போட்டு, ஈரம் காய்வதற்குள் அதன் மேல் விரலாலேயே கோலம் இழுப்பார். அளவுகோல் கிடையாது, பேப்பர் கிடையாது. இப்போது நாம் கடையில் வாங்கும் லிப்பன் சுவரில் செய்வது இல்லை, எம்டிஎஃப் பலகையில் செய்து மாட்டுவது. சாணத்துக்கும் மண்ணுக்கும் பதிலாகப் பாக்கெட்டில் வரும் வெள்ளைக் களிமண்.

கிட்டுக்கு வருகிறேன். 12 அங்குல வட்டப் பலகை ஒன்று, களிமண் 250 கிராம், ஆறு குட்டி டப்பாவில் அக்ரிலிக் பெயின்ட், ஒரு பிரஷ், கண்ணாடி ஒரு பாக்கெட், கார்பன் பேப்பர், மயில் டிசைன் அச்சடித்த தாள். பெட்டியைத் திறந்ததும் அழகாகத்தான் இருந்தது. கண்ணாடி உண்மையிலேயே நல்ல தரம், பிளாஸ்டிக் வகை, ஓரம் கையைக் கிழிக்காது, மேலே ஒரு மெல்லிய தாள் ஒட்டியிருக்கிறது, பெயின்ட் எல்லாம் அடித்து முடித்த பிறகு அதை உரித்தால் பளிச்சென்று வருகிறது. குழந்தைகளுக்கு இது நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் களிமண் பாதி பாக்கெட் கல்லாக இறுகிப் போயிருந்தது. தண்ணீர் தொட்டுப் பிசைந்து பார்த்தேன், திட்டுத் திட்டாக உடைந்ததே தவிர திரிக்க வரவில்லை. மிச்சம் இருந்த பாதியில் மயிலின் தலையும் கழுத்தும் முடிந்தது, தோகைக்கு மண் இல்லை. பலகை மூன்று மில்லிமீட்டர்கூட இருக்குமா என்று சந்தேகம், அவ்வளவு மெலிசு. மேல் பக்கம் மட்டும் பெயின்ட் அடித்து ராத்திரி வைத்தோம், காலையில் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. விற்றவர்களுக்கு எழுதிப் போட்டேன், திருப்பிக் கொடுக்கும் நாள் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. பிள்ளையின் முகம் வாடிப் போனது. எனக்கு அதுதான் வருத்தம், 749 ரூபாய் கூட இரண்டாவதுதான்.

அந்தப் பலகை ஏன் வளைந்தது என்பதைப் பக்கத்துத் தெருப் பிளைவுட் கடைக்காரர்தான் விளக்கினார். எம்டிஎஃப் என்பது மர நாரைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்வது, தண்ணீரைக் குடித்தால் ஊதும். ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டால் அந்தப் பக்கம் விரியும், மறுபக்கம் விரியாது, பலகை வளையும். அதனால் முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரு கை பெயின்ட் அடித்துக் காயவைத்துவிட்டுத்தான் மேல் வேலையைத் தொடங்க வேண்டுமாம். கிட்டுக்குள் இருந்த குறிப்பில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் எங்கள் பலகை பிழைத்திருக்கும். அவரிடமே வேலை முடிந்து மிச்சம் விழுந்த ஆறு மில்லிமீட்டர்த் துண்டு ஒன்றை 12 அங்குல வட்டமாக வெட்டி வாங்கினேன், வெட்டுக் கூலியோடு 60 ரூபாய்.

அப்புறம் லாங் பஜார். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், வேலூரில் மளிகை முதல் மணி வரை எல்லாம் கிடைக்கும் பழைய கடைத்தெரு அது, பண்டிகை நாளில் உள்ளே போனால் நடக்கக்கூட இடம் இருக்காது. வார நாளில் காலை பத்தரை மணிக்குள் போய்விடுங்கள், வண்டியைத் தூரத்திலேயே விட்டுவிட்டு நடந்து போவது உத்தமம். அங்கே ஒரு தையல் சாமான் கடையில் ஆரி வேலைக்கு வைத்துத் தைக்கும் கண்ணாடி கேட்டேன். வட்டம், சதுரம், முக்கோணம், கண் வடிவம் என்று தகரப் பெட்டி பெட்டியாக எடுத்துப் போட்டார். "இன்னா வேலைக்கும்மா, ஜாக்கெட்டா?" என்று கேட்டவரிடம் சுவரில் மாட்டப் போகிறேன் என்றதும், அவராகவே உள்ளே போய்ப் பெரிய அளவு கண்ணாடி ஒரு பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பாக்கெட் 50 ரூபாய். ஆனால் இது நிஜக் கண்ணாடி, ஓரம் கூர்மை, சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், நானே பதித்தேன். பெயின்ட் கடையில் சுவருக்குப் பூசும் வால் பட்டி ஒரு கிலோ 50, ஃபெவிகால் 70, கறுப்பு அக்ரிலிக் 90. பலகையோடு சேர்த்து மொத்தம் 320 ரூபாய் ஆனது. இதில் பலகையைத் தவிர மற்றதெல்லாம் மூன்று தட்டுக்குப் போதுமானதாக இருந்தது, பின்னால் இன்னும் இரண்டு பலகை மட்டும் 120 ரூபாய்க்கு வாங்கினோம். ஆக 440 ரூபாய்க்கு மூன்று. ஒன்று ஏறக்குறைய 147 ரூபாய்.

இனி மாவு பிசைவது. முழு வேலையும் இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். இரண்டு பங்கு பட்டி, ஒரு பங்கு ஃபெவிகால், தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான். சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் இறுக்கமான பதம் வர வேண்டும். தளர்ந்துவிட்டால் கோடு தட்டையாகப் படுத்துவிடும், இறுகிவிட்டால் திரிக்கும்போது வெடிக்கும். பெயின்டர்கள் சுவருக்குப் பூசும் பட்டி வெள்ளை சிமென்ட் சேர்ந்தது, தண்ணீர் பட்டதும் இறுக ஆரம்பித்துவிடும், ஆகவே ஒரு எலுமிச்சை அளவு பிசைந்து தீர்த்த பிறகு அடுத்ததைப் பிசையுங்கள். மொத்தமாகப் பிசைந்து வைத்து நான் முதல் நாளே ஒரு கிண்ணம் வீணாக்கினேன். சிமென்ட் கையை அரிக்கும், தூள் மூக்கில் ஏறும், கையுறையும் முகத்துக்கு ஒரு துணியும் கட்டாயம். மகளுக்கு மட்டும் பட்டிக்குப் பதில் சாக்பீஸைப் பொடித்து, சலித்து, ஃபெவிகாலோடு பிசைந்து தனியாகக் கொடுத்தேன். அது பட்டி அளவு வலு இல்லை என்றாலும் வழவழப்பாக வருகிறது, கையும் பாழாவதில்லை, அவள் செய்த பகுதி எதுவும் இதுவரை உதிரவில்லை.

பிசைந்ததைப் பலகை மேல் உருட்டி நூல் மாதிரி இழுக்க வேண்டும். கை முறுக்கு சுற்றத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வேலையே இல்லை. எங்கள் அத்தை ஒரு நாள் வந்தவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி, இரண்டு நூலை ஒன்றாகச் சேர்த்து அப்படியே திருகித் திருகி வட்டப் பலகையின் ஓரம் முழுக்க ஒரே சுற்றில் பிடித்துவிட்டார். மூன்று தட்டிலும் பார்த்தவர்கள் முதலில் கை வைத்துத் தடவுவது அந்த ஓரத்தைத்தான். கோடு ஒட்டும் இடத்தில் மட்டும் பிரஷால் ஃபெவிகால் தடவிக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்தது மே மாதம், அக்னி நட்சத்திரம். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை, 40 டிகிரியைத் தாண்டி நிற்கும். சீக்கிரம் காயட்டும் என்று முதல் தட்டை மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் கோடு எல்லாம் குறுக்குக் குறுக்காகப் பிளந்துவிட்டது. மேல் தோல் சட்டென்று காய்ந்து சுருங்குகிறது, உள்ளே இன்னும் ஈரம், அதனால்தான் அந்தப் பிளவு. பிளந்த இடத்தில் அதே மாவைத் தண்ணீரில் கரைத்து விரலால் தேய்த்து மூடினோம், பெயின்ட் அடித்த பிறகு தெரியவில்லை. அடுத்த இரண்டையும் விடிகாலையில் செய்து, ஃபேனுக்கு நேராக வைக்காமல், கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே ஈரத்துணியை லேசாக மறைத்து வைத்தோம். ஒன்றரை நாள் ஆனது, ஒரு கீறல் இல்லை. அவசரப்படாதீர்கள்.

டிசைனுக்கு வருவோம். கிட்டில் வந்த மயில் மறுபடியும் வேண்டாம் என்று இரண்டு பேருமே முடிவு செய்தோம். முதல் தட்டுக்கு 1-3-5-3-1 என்று நேர்ப் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம். புள்ளிக்குப் புள்ளி இரண்டு அங்குலம் விட்டால் 12 அங்குலத் தட்டில் சரியாக உட்காருகிறது. 13 புள்ளி, புள்ளி வரும் இடத்தில் எல்லாம் ஒரு வட்டக் கண்ணாடி, அதைச் சுற்றி ஓடும் கோடு எல்லாம் பட்டி மாவு. பின்னணி கறுப்பு, கோடு பட்டியின் வெள்ளையே, வேறு நிறம் கிடையாது. இத்தனை பொருத்தமாக அமையும் என்று நான் நினைக்கவே இல்லை. வாசலில் காலையில் போட்டு மதியத்துக்குள் மிதிபட்டுப் போகும் கோலம் சுவரில் நிற்கிறது, சாயங்காலம் சாமி விளக்கு ஏற்றியதும் 13 புள்ளியும் மினுங்குகிறது.

இரண்டாவது தட்டு மகளுடைய யோசனை. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் எல்லோரும் கல்யாண மண்டபத்துத் தூண் யாளிகளைப் பார்ப்பார்கள், இவள் மட்டும் அண்ணாந்து விதானத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். தாமரையைச் சுற்றி வட்டமாகக் கிளிகள் தலைகீழாக இருக்கும் அந்தக் கல் வேலையைத்தான் தட்டில் கொண்டுவர வேண்டும் என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நோட்டில் வரைந்துகொண்டு வந்தாள். எட்டுக் கிளிதான் எங்களால் வைக்க முடிந்தது, அதிலும் இரண்டு காக்கா மாதிரி இருக்கிறது என்று அவளே சொன்னாள், நான் மாற்ற விடவில்லை. நடுத் தாமரைக்கு மட்டும் பெரிய கண்ணாடி. வட்டப் பலகைக்கு வட்ட விதானம், இதைவிடப் பொருத்தமான டிசைன் எந்தக் கிட்டிலும் நான் பார்க்கவில்லை. மூன்றாவது அத்தை வீட்டுக்குச் சாதாரணப் பூ டிசைன், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

மாட்டுவதுதான் கடைசிச் சிக்கல். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்ததில் ஒரு தட்டு ஏறக்குறைய 600 கிராம். இரண்டு கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்த, பின்னால் பசை உள்ள கொக்கி ஒன்று வாங்கி ஒட்டினேன். இரண்டாம் ராத்திரி சத்தத்தோடு கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தால் பசை விடவே இல்லை, சுவரின் டிஸ்டம்பரே வட்டமாக உரிந்து அதோடு வந்திருந்தது. எனவே டைல்ஸ், மரக் கதவு, பீரோ, கண்ணாடி போன்ற இடங்களில் இந்தக் கொக்கியைத் தாராளமாக ஒட்டலாம், சுண்ணாம்போ டிஸ்டம்பரோ அடித்த சுவரில் வேண்டவே வேண்டாம். தட்டு கட்டில் மேல் விழுந்ததால் தப்பியது. இப்போது கோலத் தட்டு டெய்லி காலண்டர் இருந்த ஆணியில், காலண்டர் சமையலறைக் கதவுக்குப் போய்விட்டது. கிளித் தட்டு பரணில் ஏற்கெனவே இருந்த கொக்கியிலிருந்து தூண்டில் நரம்பில் தொங்குகிறது, நரம்பு கண்ணுக்குத் தெரிவதில்லை, அந்தரத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது. புதிதாக ஓர் ஆணியும் அடிக்கவில்லை.

மதிப்பெண் கேட்டால், கிட்டுக்கு ஐந்தில் இரண்டு, அதுவும் கண்ணாடிக்காகவும் அந்தக் கார்பன் பேப்பர் வசதிக்காகவும். வெளிநாட்டில் இருப்பவர்கள், பட்டியும் பலகையும் தேடி அலைய நேரம் இல்லாதவர்கள் வாங்கலாம், ஆனால் வந்த அன்றே களிமண் பாக்கெட்டை அழுத்திப் பாருங்கள், கல்லாக இருந்தால் அன்றே திருப்பிவிடுங்கள். லாங் பஜார் வழிக்கு நாலரை. அந்த அரை குறைந்தது கண்ணாடியின் கூர் ஓரத்துக்காக.

மாட்டி ஆறு மாதம் ஆகிறது. ஈரத்துணியால் துடைக்காதீர்கள், காய்ந்த பெயின்ட் பிரஷால் தூசி தட்டினால் போதும். போன மாதம் கோலத் தட்டில் இடது ஓரத்துக் கண்ணாடி ஒன்று கழன்று விழுந்தது, ஒரு சொட்டு ஃபெவிகால் வைத்து ஒட்டி, ராத்திரி முழுக்க மேலே மஞ்சள் அரைக்கும் கல்லைப் பாரமாக வைத்தேன். பிடித்துக்கொண்டது.