கிராண்டா, வரிச்சலுகையா, பங்கு முதலீடா, ஆர்டரா? டிஜிட்டல் கம்பெனிக்கு அரசாங்கப் பணம் எந்த வழியில வரணும்

டிஜிட்டல் துறைக்கு இத்தன ஆயிரம் கோடின்னு எந்த அரசாங்கம் அறிவிச்சாலும் எல்லாரும் தொகையத்தான் பாக்குறாங்க, அது எந்த வழியா கம்பெனி கைக்கு வந்து சேருதுன்னு கேக்குறவங்க கம்மி. ஒரே கோடி ரூபா, வர்ற வழியப் பொறுத்து ஒருத்தர வளத்துவிடும், இன்னொருத்தருக்கு கண்ணுலயே படாது.

வரிச்சலுகைய சீக்கிரம் சொல்லிடறேன். ஆராய்ச்சிக்கு செலவு பண்ணதுல ஒரு பகுதிய வரியில கழிச்சுக்கலாம், யாருக்குக் குடுக்கலாம்னு எந்த அதிகாரியும் உக்காந்து தேர்ந்தெடுக்க வேணாம், அது நல்ல விஷயம்தான். ஆனா லாபமே வராத ஸ்டார்ட்அப் எந்த வரியில கழிக்கும்? நஷ்டத்துல இருந்தா பணமாவே தர்ற நாடுகளும் உண்டு, பிரிட்டன் அப்படித் தந்துச்சு, 2020-21 வருஷத்துக்கு மட்டும் தப்பும் மோசடியுமா போனது 100 கோடி பவுண்டுக்கு மேலன்னு அவங்க வரித்துறையே கணக்கு சொல்லுச்சு. அதோட இது முன்கூட்டி செலவு பண்ண காசு இருக்கறவங்களுக்கான வழி.

கிராண்ட், அதாவது திருப்பிக் குடுக்க வேண்டாத மானியத்துல எனக்கு நம்பிக்கை அதிகம், அதுவும் சின்ன கிராண்ட்ல. சின்ன கம்பெனிகளோட ஆராய்ச்சிக்குக் குடுக்கற அமெரிக்காவோட எஸ்பிஐஆர் திட்டம் 1982ல வந்தது, கம்பெனியில பங்கு கேக்காது, முதல் கட்டத்துல ஐடியா தேறுமான்னு பாக்க சின்னத் தொகை, ரெண்டாவது கட்டத்துல ப்ரோட்டோடைப்புக்கு, அதாவது முதல் மாதிரி செய்ய, பெரிய தொகை. சப்ரினா ஹோவெல்ங்கிற பொருளாதார ஆய்வாளர் எரிசக்தித் துறை குடுத்த கிராண்டுகள எடுத்து, மயிரிழையில ஜெயிச்ச கம்பெனிகளையும் மயிரிழையில தவறவிட்ட கம்பெனிகளையும் ஒப்பிட்டு 2017ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. முதல் கட்டம் வாங்கினவங்களுக்கு அப்புறமா வென்ச்சர் கேப்பிட்டல் (ரிஸ்க் எடுத்து புதுக் கம்பெனியில பங்கு வாங்குற தனியார் முதலீடு) கிடைக்கிற வாய்ப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்காச்சு, பெரிய தொகையான ரெண்டாவது கட்டத்துக்கு அப்படி ஒரு பலன் தெரியல! செஞ்சு காட்டறதுக்கு ஆகுற அந்த முதல் செலவுதான் முட்டுக்கட்டையா இருக்கு, அது தாண்டிட்டா தனியார் பணம் தானா வருது. ஆக பத்து பேருக்கு பெருசா குடுக்கறதவிட நூறு பேருக்கு சின்னதா குடுக்கறதுதான் எனக்கு சரின்னு படுது, தோத்துப்போறவங்க அதிகம் இருப்பாங்க, இருக்கட்டும்.

பங்கு முதலீட்டுக்கு எல்லாரும் சொல்ற உதாரணம் இஸ்ரேல் அரசாங்கத்தோட யோஸ்மா திட்டம். 1993ல 10 கோடி டாலர். அரசாங்கம் கம்பெனிய நேரா பொறுக்காம அந்தத் தொகையில பெரும்பகுதிய ஸ்டார்ட்அப்புல முதலீடு பண்ற தனியார் ஃபண்டுகள்ல போட்டுச்சு, அஞ்சு வருஷத்துக்குள்ள அரசாங்கத்தோட பங்க போட்ட விலையும் வட்டியும் குடுத்து வாங்கிக்கலாம்னு அந்த ஃபண்டுகளுக்கு உரிமை குடுத்துச்சு. லாபம் வந்தா அது உனக்குன்னு சொன்னதாலதான் வெளிநாட்டுப் பணம் உள்ள வந்தது. இத காப்பியடிக்கிற பல திட்டங்க ஃபண்டுன்னு பேர வச்சுட்டு இந்த ஷரத்த விட்டுடுறாங்க, அப்புறம் எப்படி வரும்?

கடைசியா ஆர்டர், அதாவது அரசாங்கமே வாடிக்கையாளரா பொருள வாங்கறது, இதப் பத்தித்தான் யாரும் பேசறதில்ல. 1960களோட ஆரம்பத்துல ஐசி சிப் விலை ரொம்ப அதிகம், அப்போல்லோ விண்கலக் கம்ப்யூட்டருக்கும் மினிட்மேன் ஏவுகணைக்கும் அமெரிக்க அரசாங்கம் மொத்தமா வாங்கினதுல உற்பத்தி பெருகி விலை மளமளன்னு இறங்குச்சு. வாடிக்கையாளர் இருந்தா கம்பெனி அறிக்கை எழுதறத விட்டுட்டு பொருள சரிபண்ணும், அடுத்த வாடிக்கையாளர்கிட்ட காட்டவும் ஒரு பேர் இருக்கும். சிக்கல் டெண்டர்லதான்: மூணு வருஷ டர்ன்ஓவர், முன்அனுபவ சான்றிதழ், டெபாசிட், இதெல்லாம் கேட்டா புதுசா வர்றவன் வாசல்லயே நின்னுடுவான், எப்பவும் வாங்குற அதே நாலு கம்பெனிதான் வாங்கும்.

என்னோட வரிசை: முதல்ல சின்ன கிராண்ட், உடனே பின்னாடியே ஒரு சின்ன ஆர்டர், அதுக்கப்புறம் ஃபண்டு, வரிச்சலுகை கடைசி. எதுவா இருந்தாலும் புதுத் திட்டத்தோட விதிமுறை வந்தா தொகைய விட்டுட்டு, பில்லு போட்டு எத்தன நாள்ல பணம் வரும்னு எழுதியிருக்காங்களான்னு தேடிப் பாருங்க, பணம் எட்டு மாசம் இழுத்தா சின்ன கம்பெனி ஆர்டர கையில வச்சுக்கிட்டே மூடவேண்டியதுதான்.