கல், வார், சவரக்கத்தி: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

மடக்குச் சவரக்கத்தியால் சவரம் செய்யத் தொடங்கி இந்த ஆண்டோடு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஒரே ஒருமுறை வெளியில் கொடுத்துக் கெடுத்துக்கொண்டதைத் தவிர, இந்தக் காலம் முழுவதும் என் கத்திகளை வீட்டிலேயே தீட்டி வந்திருக்கிறேன். என்னிடம் மூன்று கத்திகள் இருக்கின்றன: புதிதாக வாங்கிய, ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்க் கத்தி ஒன்று, தாத்தாவின் இரும்புப் பெட்டியிலிருந்து கிடைத்த, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊர்க் கத்தி ஒன்று, வாயில் (வெட்டும் விளிம்பில்) பல் விழுந்து, அதாவது சிறு துண்டு பெயர்ந்து போன நிலையில் பழைய பொருள் விற்பவரிடம் வாங்கிய இன்னொரு சோலிங்கன் கத்தி. முதல் கத்தியில் தீட்டக் கற்றுக்கொண்டேன். மற்ற இரண்டும் உருவத்தையே திருத்த வேண்டிய நிலையில் என்னிடம் வந்தவை.

இதில் இறங்க விரும்பும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, கடைசியாகத் தீட்ட எந்தக் கல்லை வாங்கலாம் என்பதுதான். நானும் அந்தக் கேள்வியோடுதான் தொடங்கினேன். அதனால் இரண்டு ஆண்டுகளை இழந்தேன். சவரக்கத்தியின் கூர் முடிவாவது 12000 கிரிட் கல்லில் அன்று, 1000 கிரிட் கல்லில். (கிரிட் என்பது கல்லின் நயத்தைக் காட்டும் எண்; எண் ஏற ஏறக் கல் நயமாகும்.) அங்கே பட்டை சரியாக விழாத கத்தியை அதற்குமேல் எந்தக் கல்லும் காப்பாற்றாது.

பட்டை என்று நான் சொல்வது, கத்தியின் வாயில் இருபுறமும் கல் தேய்த்து உண்டாக்கும் குறுகிய சரிவை. சமையலறைக் கத்தியைத் தீட்டும்போது கோணத்தைக் கைதான் பிடிக்க வேண்டும். சவரக்கத்தியில் அந்த வேலையைக் கத்தியின் முதுகே செய்துவிடுகிறது. முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படும்படி கத்தியைக் கிடத்தினால், செய்தவர் வகுத்த கோணம் தானாகவே அமையும். என் முதல் கத்தி 5/8 அங்குல அகலம் கொண்டது; ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். முதுகின் தடிமன் 4.6 மில்லிமீட்டர். இந்த இரண்டு அளவுகளைக் கொண்டு கணக்கிட்டால் வாயின் மொத்தக் கோணம் 16.5 டிகிரி வருகிறது. தீட்டத் தீட்ட வாய் தேய்வதைப்போல முதுகும் சிறிது தேய்வதால் இந்தக் கோணம் பல ஆண்டுகளுக்குப் பெரிதாக மாறுவதில்லை. இத்தனை எளிமையான அமைப்புக்குள் இவ்வளவு யோசனை அடங்கியிருப்பது இன்றும் எனக்கு வியப்பைத் தருகிறது.

நான் செய்த தவறு இதுதான். புதுக் கத்தியை 1000 கிரிட் கல்லில் சில நிமிடங்கள் தேய்த்துவிட்டு, கூர் வந்துவிட்டது என்ற நம்பிக்கையில் 4000, 8000, 12000 என்று ஏறிப்போனேன். கையில் இருந்த முடியைக் கத்தி வழித்தது. ஆனால் தாடையிலும் மேலுதட்டிலும் இழுத்தது. குறை கடைசிக் கல்லில் இருக்கிறது என்று எண்ணி, பெல்ஜியத்தின் வியல்சாம் பகுதியில் வெட்டியெடுக்கப்படும் கோட்டிக்யூல் என்னும் இயற்கைக் கல்லை வாங்கினேன். கார்னெட் என்னும் கடினமான கனிமத்தின் நுண்மணிகள் நிறைந்த, வெளிர் மஞ்சள் நிறமான, அழகான கல் அது. அதன் பிறகும் கத்தி இழுத்தது. கத்தியைக் கடைசியாக இழுத்துத் தீட்டும் தோல்வாரில், மெருகேற்றும் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசையைத் தடவிப் பார்த்தேன். ஒரு வாரம் நன்றாக இருந்தது. பிறகு மீண்டும் பழைய கதை.

எங்கள் தெருவில் முடிதிருத்தும் நிலையம் வைத்திருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் கத்தியைக் காட்டினேன். அவர் அதைக் கல்லில் வைத்து நான்கு இழுப்பு இழுக்கச் சொன்னார். என் கையைப் பார்த்துவிட்டு, "முதுகு கல்ல விட்டு எழும்புது தம்பி. வாலுகிட்ட இருக்கிற தடிப்பு கல்லுல இடிக்குது பாருங்க" என்றார். கத்தியின் அடிப்பக்கத்தில், வால் (விரலால் பிடிக்கும் தண்டு) தொடங்கும் இடத்தில் இருக்கும் தடித்த பகுதி கல்லின் ஓரத்தில் ஏறிக்கொண்டதால், அடியிலிருந்து ஒரு விரற்கடை அளவுக்கு வாய் கல்லையே தொடாமல் இருந்திருக்கிறது. அந்த இடத்தைக் கொண்டுதான் நான் தாடையை மழித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை கறுப்பு மார்க்கர் பேனாவால் வாயின் இருபுறமும் மை தடவினேன். 1000 கிரிட் கல்லில், கத்தியின் எடைக்கு மேல் அழுத்தம் கொடுக்காமல், ஐந்து முறை மட்டும் இழுத்துப் பார்த்தேன். நுனியிலும் நடுவிலும் மை அழிந்து எஃகு பளிச்சிட்டது. அடிப்பக்கத்தில் மை அப்படியே இருந்தது. இரண்டு ஆண்டுகளாக எனக்குத் தெரியாமல் இருந்த குறை ஒரு மார்க்கர் பேனாவில் வெளிப்பட்டது. தடிப்புக்கு முன்னால் இருந்த அடிமூலையை 325 கிரிட் வைரத்தகட்டில் (வைரத்துகள் பதித்த தகடு) தண்ணீர் விட்டுச் சிறிது சிறிதாக உருட்டித் தேய்த்து, வாயின் தொடக்கத்தைத் தடிப்பிலிருந்து சில மில்லிமீட்டர் முன்னே கொண்டுவந்தேன். உருத்திருத்தத்தில் என் முதல் பாடம் அது. மறுநாள் பட்டையை முழுமையாக எடுத்து, அதே பழைய கற்களில் ஏற்றி, மறுநாளே சவரம் செய்தேன். கத்தி இழுக்கவில்லை. புதிதாக ஒரு கல்லும் தேவைப்பட்டிருக்கவில்லை.

பட்டை முழுமையாக விழுந்துவிட்டதா என்பதை அறிய நான் நம்புவது வெளிச்சத்தை. கத்தியை வாய் மேலே இருக்கும்படி மேசை விளக்கின் கீழ் பிடித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் வாயை நேர்மேலிருந்து பார்க்க வேண்டும். மழுங்கிய இடம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால், அங்கே நூலிழை போன்ற வெள்ளைக் கோடு தெரியும். இரண்டு பட்டைகளும் சந்தித்துவிட்ட இடத்தில் வெளிச்சம் பட்டுத் திரும்பப் பரப்பே இல்லை. அது கறுத்துத் தெரியும். வாய் முழுவதும் அடியிலிருந்து நுனிவரை கறுக்கும் வரை நான் 1000 கிரிட் கல்லை விட்டு நகர்வதில்லை.

அதற்கு மேலுள்ள படிகள் சுருக்கமானவை. 4000-இல் முந்தைய கல்லின் கீறல்கள் மறைய வேண்டும். 8000-இல் பட்டை மங்கிய கண்ணாடிபோல் ஆக வேண்டும். 12000-இல் இருபது முப்பது இழுப்புகள், அழுத்தமே இல்லாமல். கல்லின் அகலம் கத்தி வாயின் நீளத்தைவிடக் குறைவாக இருப்பதால், அடியில் தொடங்கி நுனியில் முடியும்படி குறுக்காக இழுக்கிறேன். கல்லில் வாய் முன்னே செல்ல வேண்டும், தோல்வாரில் முதுகு முன்னே செல்ல வேண்டும். வாரின் முனையில் கத்தியைத் திருப்பும்போது முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும். வாயின் மேல் புரட்டினால் வாரும் அறுபடும், எடுத்த கூரும் மடங்கிவிடும். ஒவ்வொரு சவரத்துக்கும் முன்பு தோல்வாரில் ஐம்பது இழுப்பு போதும். வாரில் ஒழுங்காகத் தீட்டி வந்தால் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை 12000 கல்லில் கொஞ்சம் புதுப்பித்தாலே நடக்கிறது. நான் வாரத்துக்கு மூன்று முறை சவரம் செய்பவன்.

கல்லைச் சமமாக வைத்திருப்பதையும் இந்த வேலையின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும். நீர்க்கற்கள் நடுவில் குழிந்துவிடும். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, வைரத்தகட்டால் கோடுகள் எல்லாம் அழியும்வரை தேய்த்துவிட்டுத்தான் கத்தியைத் தொடுகிறேன்.

இனி தாத்தாவின் கத்திக்கு வருகிறேன். அதன் வாலில் 'காஸ்ட் ஸ்டீல்' (உருக்கி வார்த்த எஃகு) என்று பொறித்திருக்கும். 1740-களில் ஷெஃபீல்டு வட்டாரத்தில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் எஃகை உருக்கும் முறையைக் கொண்டுவந்த பின், அந்த ஊர்க் கத்திகளில் பெருமையோடு பொறிக்கப்பட்டு வந்த சொல் அது. 6/8 அங்குல அகலம். பக்கங்களில் குழிவு குறைந்த, கனமான அலகு. என் கைக்கு வந்தபோது அதன் வாய் நடுவில் உள்வாங்கியிருந்தது. சன்னலோரக் கண்ணாடியில் வாயை மெதுவாக நிறுத்தி எதிர்வெளிச்சத்தில் பார்த்தபோது, அடியும் நுனியும் கண்ணாடியைத் தொட, நடுவில் பிறை போன்ற இடைவெளி தெரிந்தது. அதன் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இப்படிப்பட்ட வாயைத் தட்டையான கல்லில் எவ்வளவு நேரம் இழுத்தாலும் நடுப்பகுதி கல்லைத் தொடாது.

இதற்கு ஒரே வழிதான் உண்டு. அதைச் செய்ய எனக்கு ஆறு மாதம் மனம் வரவில்லை. கத்தியைக் கல்லின்மேல் செங்குத்தாக நிறுத்தி, ரொட்டியை அறுப்பதுபோல முன்னும் பின்னும் இழுத்து, இருக்கும் கூரை முழுவதுமாக அழித்து, இரு முனைகளையும் நடுப்பகுதியின் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். வைரத்தகட்டில் முதல் இழுப்பு இழுத்தபோது எழுந்த கரகரப்பு நெஞ்சில் கேட்டது. பத்து இழுப்புக்கு ஒருமுறை கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். பிறை மெலிந்து, நூலாகி, மறைந்தது. வாயை அளவுகோல்போல நேராக விட்டுவிடாமல் அடியிலும் நுனியிலும் மயிரிழை கூடுதலாக எடுத்து, மிக மெல்லிய புறவளைவு இருக்கும்படி முடித்தேன். குறுக்கிழுப்புக்கு அது இணங்கி வருகிறது. நேரான வாயைவிடத் தாடை வளைவில் நன்றாக இறங்குகிறது என்பதும் என் அனுபவம்.

அதன் பிறகு நான்கு மாலைகள் 1000 கிரிட் கல்லில் கழிந்தன. ஒரு பக்கம் நாற்பது வட்டம், மறுபக்கம் நாற்பது வட்டம், பிறகு மை, பிறகு விளக்கு. ஒரே பக்கம் நீண்ட நேரம் தேய்த்தால் மறுபக்கம் பிசிறு தடிக்கும். அதை எடுக்க மீண்டும் எஃகை இழக்க வேண்டும். முதல் மாலையில் வாய் முழுவதும் வெள்ளைக் கோடாக இருந்தது. மூன்றாம் மாலையில் அது நடுவில் இரண்டு விரற்கடை நீளத்துக்குச் சுருங்கியது. நான்காம் மாலை முடிவில் விளக்கின் கீழ் தேடிப் பார்த்தும் கோடு தென்படவில்லை. பிற கற்களையும் முடித்தபின், என் மனைவியின் தலைமுடி ஒன்றைத் தொங்கவிட்டு வாயின்மேல் இறக்கினேன். தொட்ட இடத்தில் முடி ஓசையின்றி இரண்டாகிக் கீழே விழுந்தது. தாத்தா பயன்படுத்திய கத்தியால் மறுநாள் காலை முகம் மழித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

மூன்றாவது கத்தியின் கதை வருத்தமானது. வாயில் விழுந்திருந்த பல்லை எடுக்க எனக்கு அப்போது பொறுமை இல்லாததால், மோட்டார் சாணை வைத்திருந்த ஒரு பட்டறையில் கொடுத்தேன். பல் போயிருந்தது, ஆனால் வாயை ஒட்டி நடுவில் நீலம் ஏறியிருந்தது. அத்தனை மெல்லிய எஃகு சுழலும் சாணையில் சில நொடிகளில் சூடேறிவிடும். நீல நிறம் தெரிகிறது என்றால் அந்த இடம் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸை எட்டியிருக்கிறது என்று பொருள். அங்கே கத்தியின் பதம் இறங்கிவிட்டது. எவ்வளவு தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் ஒரு சவரத்துக்குமேல் நிற்கவில்லை. நீலம் ஏறிய பகுதியைக் கையாலேயே தேய்த்து எடுத்தேன். அகலம் 16-லிருந்து 14.5 மில்லிமீட்டராகக் குறைந்தது. முதுகு அப்படியே இருந்ததால் கோணம் 16.5-லிருந்து 18 டிகிரிக்குமேல் ஏறிவிட்டது. சவரம் செய்யலாம்; ஆனால் முதல் கத்தியின் மென்மை அதில் இல்லை. சவரக்கத்தியை மோட்டார் சாணைக்கு எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள்.

முதுகின்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டித் தீட்டுவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். பழைய கத்தியின் முதுகில் உள்ள வேலைப்பாடு தேயாமல் இருக்க அது உதவும். ஒரு சுற்று டேப் 5/8 கத்தியின் கோணத்தை ஏறத்தாழ ஒரு டிகிரி கூட்டும், அவ்வளவுதான். தாத்தாவின் கத்திக்கு ஒட்டுகிறேன். மூன்றாவது கத்திக்கு வேண்டுமென்றே ஒட்டுவதில்லை, ஏனெனில் அதன் முதுகும் தேய்ந்தால்தான் கோணம் இன்னும் ஏறாமல் இருக்கும்.

நான் திருவான்மியூரில் குடியிருப்பதால் துருவோடு ஓயாத போராட்டம் உண்டு. கார்பன் எஃகு கடற்காற்றில் ஒரே இரவில் புள்ளி போடும். சவரம் முடிந்ததும் துடைத்து, கித்தான் வாரில் பத்து முறை இழுத்து ஈரத்தைப் போக்கி, பிடி இரண்டுக்கும் இடையில் துணி நுழைத்துத் துடைத்து, ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் தடவி வைக்கிறேன். தேங்காய் எண்ணெயில் தொடங்கினேன். அது நாளடைவில் பிசுபிசுத்ததால் விட்டுவிட்டேன். குளியலறையில் கத்தியை வைப்பதே இல்லை. என் கத்தியை வேறு ஒருவருக்குக் கொடுப்பதும் இல்லை; இரத்தத்தால் பரவும் நோய்களை எண்ணித்தான் நம் முடிதிருத்தும் நிலையங்களும் தீட்டும் கத்தியை விட்டு, ஆளுக்கொரு பிளேடு மாற்றும் கத்திக்குப் போயின.

இன்று என் மேசையில் இருப்பவை நான்கு செயற்கைக் கற்கள், ஒரு வைரத்தகடு, ஒரு வார், ஒரு மார்க்கர் பேனா. கோட்டிக்யூல் கல்லை இதில் புதிதாக இறங்கிய நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். குரோமியம் ஆக்சைடு பசை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தாத்தாவின் கத்தியில் நுனியிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, வாய்க்கு இரண்டு மில்லிமீட்டர் மேலே, பழைய துருக்குழி ஒன்று இன்னும் இருக்கிறது. ஆண்டுக்கு ஓரிரு முறை லேசாகப் புதுப்பிக்கும் கணக்கில் வாய் அந்தக் குழியை எட்ட என் காலம் போதாது என்று நினைக்கிறேன். அதனால் அதைத் தொடாமல் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.